அப்பா விட்ட இடைவெளிகள்

மார்ச் 3

அப்பாவின் குரல்வளையை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. வானொலியில் காலம் முழுக்கச் செய்தி வாசித்தவர். இப்போது மடிக்கணினியில் தட்டுகிறார், அது யாரோ ஒருவர் குரலில் படிக்கிறது. சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒன்று என்றால் இயல்பாகப் போகும். கூடுதலாக விழும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம் நிற்கும். அப்பாவோ ஸ்பேஸ் பாரில் விரலை ஊன்றிவிடுகிறார். "எனக்கு" என்கிறது. எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "காபி" என்கிறது. பிறகும் மௌனம். அப்புறம்தான் 'டிங்' என்று முடிகிற மணி. அதற்குள் தம்பி அடுப்படிக்கே போய்விடுகிறான்.

கை நடுக்கம், பாவம். நான் கூரியர் அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்வதே இதுதான், முகவரிகளில் வேண்டாமல் விழுந்த இடைவெளிகளை நீக்குவது. "ஒண்ணுமில்லாததத் தூக்கிப் போட்டுச் சம்பளம் வாங்குறவ" என்பான் தம்பி. வீட்டுக்கும் ஒரு தடவை செய்தால் என்ன?

மார்ச் 4

பைத்தான் நிரல்மொழியில் இரண்டே வரி, அப்பா தட்டியதை இயந்திரம் படிக்கும் முன் ஓடும்படி. முதல் வரியில் ஸ்ட்ரிப். வாக்கியத்தின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை அது வெட்டிவிடும். நடுவில் கிடப்பதை அது தொடாது. அதற்கு இரண்டாவது வரி: சொல் சொல்லாகப் பிரித்து, ஒற்றை இடைவெளி வைத்து மறுபடி கோப்பது.

அப்பா தட்டினார். மடமடவென்று படித்து, டிங். தம்பி கைதட்டினான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் போல என்று நினைத்தேன்.

மார்ச் 6

அப்பா அதன் பிறகு ஓர் எழுத்தும் தட்டவில்லை.

மார்ச் 9

எல்லாம் சைகைதான். மடிக்கணினியை மூடி அதன்மேல் மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறார். "குரல் போனப்பகூட மனுஷன் இப்படி இல்லடி" என்று அம்மா புலம்புகிறாள்.

இன்று அத்தை, அப்பாவின் அக்கா, மருத்துவமனையிலிருந்து பேசினார். தூரத்து ஊர், இந்தத் தொண்டையோடு அப்பாவால் பயணம் போக முடியாது. அத்தைக்குக் கண்ணும் தெரிவதில்லை. இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். "அவன் ஒரு வார்த்தை பேசினாப் போதும்டி. கேட்டுட்டுப் போயிடறேன்."

அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இயந்திரம் நல்லாத்தானே பேசுது? அப்புறம் என்ன வீம்பு?

மார்ச் 10

கத்திவிட்டேன். "அத்தை அங்க உயிரக் கையில பிடிச்சிட்டு இருக்காங்க. உங்களுக்கு என்னப்பா அப்படி ஒரு பிடிவாதம்?"

அப்பா மாத்திரை அட்டையைக் கிழித்து அதன் பின்னால் எழுதினார்: 'அது கை நடுக்கம் இல்லம்மா. நிறுத்தி வாசிக்கிறேன்.'

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆமாடி! யார் பேரச் சொல்றதுக்கும் முன்னாடி கொஞ்சம் நிறுத்துவாரு. விபத்துச் செய்தின்னா இன்னும் கொஞ்சம். ரேடியோவுக்கு இந்தப் பக்கம் எனக்கு மூச்சே நின்னுடும்."

அப்படியென்றால் காபியைக்கூடத் தலைப்புச் செய்தியாகத்தான் கேட்டிருக்கிறார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். முகவரியைத் துடைப்பதுபோல அப்பாவின் பேச்சைத் துடைத்துவிட்டேனே, அவரை ஒரு வார்த்தை கேட்காமல்!

கோக்கும் வரியை அழித்தேன். ஸ்ட்ரிப் மட்டும் இருக்கட்டும் — வாக்கியம் முடிந்த பிறகு விழுவது வீண்தானே? அப்பாவும் சரியென்று தலையசைத்தார்.

மார்ச் 11

அத்தையை அழைத்து, மடிக்கணினி அருகே கைபேசியை ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அக்கா" என்றது. நின்றது. ஏதோ கோளாறு என்று தம்பி கையை நீட்டினான், தட்டிவிட்டேன். "நான்தான்."

கைபேசியின் ஒலியை இன்னும் கூட்டினேன்.

"குரல் எவனோடதோ" என்றார் அத்தை. "நிறுத்துறது என் தம்பிதான். பேசுடா."

வெகுநேரம் பேசினார்கள். இயந்திரம் நிற்கும்போதெல்லாம் அத்தை 'ம்' என்று காத்திருந்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்.

மார்ச் 19

விடிந்ததும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. அம்மாதான் எடுத்தாள். அப்பாவிடம் மட்டும் சொன்னாள். எங்களுக்கு அவரே சொல்ல வேண்டுமாம். என்னையும் தம்பியையும் உட்காரவைத்துவிட்டுத் தட்டினார்.

"உங்கள் அத்தை" என்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. "காலமாகிவிட்டாள்."

உடனே டிங்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். முற்றுப்புள்ளிக்குப் பிறகும் வரி நெடுக இடைவெளி விட்டிருந்தார்.

மாலையில் ஸ்ட்ரிப் வரியையும் அழித்துவிட்டேன்.