நாலரை மணிப் படங்கள்

சத்தமில்லாமல் கதவைச் சாத்தத் தெரிந்த என் அப்பாவுக்கு,

உங்கள் டயர் கடையை முருகேசண்ணன் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நல்ல செய்திகள் அவ்வளவுதான். மீதியை மரியாதையான வார்த்தைகளில் எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயல் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, நான் படித்த அதே பள்ளியில். நான்கு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறதென்று எழுந்து உட்காருகிறாள். "அக்கா, இப்பத் தூங்குனா நாலு மணிக்கு எந்திரிக்க முடியாதுல்ல?" என்று கேட்கிறாள். எழ முடியாமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே விழித்துக் கிடக்கிறாள். போன மாதம் பேருந்தில் நின்றபடியே கண் செருகி விழுந்தாள். தாடையில் மூன்று தையல்.

பார்க்க வந்தவர்களின் அறிவை என்னவென்று சொல்ல? "போனை நோண்டுற புள்ளைக்கு எங்கிட்டு வரும் தூக்கம்?" என்றார் அத்தை. கயலிடம் போனே கிடையாது. பெரியப்பா, "நாங்கல்லாம் படிக்கிற காலத்துல எம்புட்டு நேரம் தூங்குனோம்கிற?" என்று கேட்டுவிட்டு, நம் வீட்டுக் கட்டிலில் மூன்று மணி நேரம் குறட்டை விட்டார். காபி வாசம்தான் அவரை எழுப்பியது.

பள்ளியின் நாலரை மணிக் கூத்து உங்களுக்குத் தெரியும். பிள்ளை எழுந்து படிப்பதைப் பெற்றோர் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போடாதவர்களின் பெயர்கள் ஆறு மணிக்குச் சிவப்புப் புள்ளியோடு வரும். பிள்ளைகளின் உறக்கத்தைத் திருடி, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்த கூட்டம். அந்தக் குழுவை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் காலைப் பிரார்த்தனைக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

என் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஞாயிறு மதியம் அம்மாவும் கயலும் அம்மாச்சி வீட்டுக்குப் போனதும், ஜன்னலில் போர்வையை ஆணியடித்து மாட்டுவீர்கள். டியூப் லைட்டைப் போட்டு, என்னை ஆறு உடுப்பு மாற்ற வைத்து, ஆறு படம் எடுப்பீர்கள். "ஆத்தா, மூஞ்சியத் தூக்கக் கலக்கமா வையி. கறிச்சோத்தத் தின்னுபுட்டுச் சிரிச்சா எவன் நம்புவான்?"

பிறகு வாரம் முழுக்க நாலரைக்கு எழுந்து ஒரு படத்தை அனுப்பிவிட்டு, என் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போவீர்கள். நான் ஆறரை வரை தூங்குவேன். அம்மா கேட்டால், "படிச்சுட்டு இப்பத்தான் படுத்தா" என்பீர்கள். அம்மாவுக்குத் தெரியாது. அப்போது சிறுமியாக இருந்த கயலுக்கும் தெரியாது.

இப்போது அம்மா நிஜமாகவே எழுப்பிப் படம் எடுக்கிறாள். உங்கள் வித்தையை நானும் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பெற்றோர் கூட்டம் வந்தது. மூவரும் போனோம்.

திரையில் என் படம், சுவர் அளவுக்கு. "இந்தப் பொண்ணப் பாருங்க. ஒரு நாள்கூட நாலரை தவறுனதில்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர். வருடாவருடம் என்னைக் காட்டித்தான் மற்ற பிள்ளைகளை எழுப்பியிருக்கிறார்கள். கயல் திரையைப் பார்த்தபடி தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். "உன்னால மட்டும் எப்படிக்கா முடிஞ்சுச்சு?" என்று அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள்! உங்கள் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஒவ்வொரு முறையும் மழுப்பினேன். அந்த ஆளை வெறுத்த அளவுக்கு என்னையும் வெறுத்தேன். உங்களையும் கொஞ்சம், அப்பா. என்னைத் தூங்க வைத்தீர்கள், சரி. அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அப்போதுதான் கவனித்தேன். படத்தில் என் தலைக்குப் பின்னால், சுவரில், போர்வையை ஆணி கிழித்த ஓட்டை வழியாக விழுந்த ஒரு பொட்டு வெயில். இத்தனை படித்தவர்கள் இத்தனை வருடம் பார்த்த படம்!

எழுந்தேன். "சார், செவுத்துல அது என்ன?"

"எதும்மா?"

"அந்த வெளிச்சம். வெயில் சார் அது. சமயநல்லூர்ல நாலரை மணிக்கு வெயில் அடிக்குமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கப்பா எடுத்த படம் சார். அந்த வருசம் பூரா நான் ஆறரை வரைக்கும் தூங்குனேன். நாளையிலருந்து கயல் படமும் வராது."

அவர் முகம் கறுத்தது. "செத்துப்போன மனுசனைப் பொய்யனாக்குறியேம்மா. இஷ்டமில்லன்னா டிசிய வாங்கிக்கிட்டுப் போங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள் என்று நினைத்தேன். அவளும் எழுந்தாள். "குடுங்க சார். எம் வீட்டுக்காரர் பொய் சொன்னாரு, பெரியவ நல்லாத் தூங்குனா. நான் நெசத்தச் சொல்லிச் சின்னவளக் கீழ விழ வச்சேன்."

டிசி வரவில்லை. மதிப்பெண் எடுக்கும் பிள்ளையை அனுப்ப அவர்களுக்கு மனம் வருமா? ஆனால் அந்தக் கூட்டத்தில் வேறு ஒருவரும் எழவில்லை. வாசலில் ஒரு அம்மா என்னை ஓரமாக அழைத்துப்போய், "ஏம்மா, ரெண்டு போர்வையா மாட்டுனா ஓட்டை தெரியாதுல்ல?" என்று கேட்டார். இவர்களுக்காகவா கோபப்பட்டேன் என்று இருந்தது.

திரும்பும் வழியில், வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்த கயல், "நெசமாவே ஆறரை வரைக்குமா?" என்றாள். ஆமாம் என்றேன். "பொய்க்காரி" என்று என் முதுகில் குத்தினாள். பிறகு வீடு வரும்வரை அதே முதுகில் தலை சாய்த்திருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று எழுதினால் அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் படம்தான். மருத்துவரிடம் காட்டுகிறோம். நாட்கள் ஆகும் என்கிறார். அம்மாவின் போனில் அலாரத்தை அழித்துவிட்டேன். இருந்தும் நாலு மணிக்குக் கயலின் உடம்பு தானாகத் திடுக்கிடுகிறது.

அந்த நேரத்துக்கு இனி நான் விழித்திருப்பேன் அப்பா. அவள் மணி கேட்டால், இன்னும் நேரமிருக்கிறது, தூங்கு என்பேன். யாருக்கும் எந்தப் படமும் போகாது. கதவை மட்டும், நீங்கள் சாத்துவது போலவே சாத்துவேன்.

ஆறரை வரை தூங்கிய,
உங்கள் பெரியவள்