அலைச் சுவரும் முடுக்குக் கதவும்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

படுக்கையறைக் கூரையில் மறுபடியும் ஓதம். போன வருஷம் இலங்கை அளவில் இருந்தது, இப்போது ஆப்பிரிக்கா. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்கதான் ஆர்க்கிடெக்டாச்சே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று சிரிக்கிறார். பெருமாள்புரத்தில் பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர் அடித்த வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அடுத்தவர்களுக்கு 'காற்றும் வெளிச்சமும் உரையாடும் இல்லம்' வரைந்து கொடுக்கிற ஆள் நான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

இன்று ஒரு செய்தி. தென்மாநில இளம் கட்டடக் கலைஞர் விருதுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஜனவரி 11-ஆம் தேதி நாற்பது. ஆக, இளமைக்கு இதுதான் கடைசி பஸ்.

கூடப் படித்தவர்களில் ஒருவன் இயந்திரத்தால் வீடு அச்சடிக்கிறான். இன்னொருத்தி மண்ணும் மூங்கிலும் வைத்துக் கட்டி வெளிநாட்டில் போய்ப் பேசுகிறாள். நானோ, 'கன்னி மூலையில் கக்கூஸ் வரக்கூடாது' என்ற ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். அனுப்புவதற்கு என்று என்னிடம் இருப்பது காயல்பட்டினம் வீடு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 12

காயல்பட்டினம் வீட்டைக் கட்டச் சொன்னவர் சுஹைல் காக்கா. அங்கே அண்ணன் என்றால் காக்கா. துபாயில் துணி வியாபாரம். மனைவி வழி வந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் மகள் அர்ஷியாவுக்காகக் கட்டுகிறார். ஜனவரியில் அவள் நிக்காஹ். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும்.

இப்போது எல்லாரும் செயற்கை நுண்ணறிவில் படம் செய்கிறார்களே, நாமும் செய்வோம் என்று ஹாலைப் படமாக்கிச் சுஹைல் காக்காவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "வீடு மாஷா அல்லாஹ் தம்பி. அந்த நாய் எஸ்டிமேட்ல சேந்ததா, தனியா?"

பதறிப்போய்ப் பார்த்தேன். ஹால் நடுவில் சடை நாய் ஒன்று சொகுசாகப் படுத்திருக்கிறது. அழகுக்காக அதுவாகவே சேர்த்திருக்கிறது. ஒரு முஸ்லிம் வீட்டு ஹாலில்! நான் அதைப் பார்க்கவேயில்லை. என் கண் முழுக்கச் சுவர்மேல்.

ஆகஸ்ட் 20

சுவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

வாசலில் இருந்து பின்கட்டு வரை, உள்முற்றத்தை ஒட்டி அறுபது அடி நீளம். பூசாத செங்கல். ஒவ்வொரு கல்லையும் அடுத்ததைவிடக் கொஞ்சம் திருப்பி, இடைவெளி விட்டு வைக்கிறோம். சுவரே அலை அடிக்கிற மாதிரி இருக்கும். வெளிச்சம் வரும், காற்று வரும், வெளியே இருப்பவர் கண் மட்டும் உள்ளே வராது. இன்றைக்கு எந்தக் கட்டடப் பத்திரிகையைத் திறந்தாலும் இப்படி ஒரு சுவர் இருக்கிறது. நாமும் போட்டால்தானே மதிப்பு.

கொத்தனார் இசக்கிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "சார், கல்லைப் பையப் பையத் திருப்பி வச்சா, பாக்குதவன் கொத்தனார் தண்ணியப் போட்டுட்டுக் கட்டியிருக்கான்னு சொல்லிர மாட்டானா? எனக்கு இந்த ஊர்ல இன்னும் நாலு வேலை இருக்குல்லா?"

கலை என்றேன். "கலைன்னா நீங்க கையெழுத்துப் போட்டுருங்க" என்றான்.

செப்டம்பர் 3

சுவர் முடிந்தது. காலை வெயில் அதன் வழியாக முற்றத்தில் விழுந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அறுபது அடிக்கு ஒரு குறுக்கீடு கிடையாது. என்னையே நான் கட்டிப்பிடித்துக்கொள்ள வழியிருந்தால் செய்திருப்பேன். திருச்செந்தூர் பாசஞ்சரில் திரும்பி வரும்போது, எதிர் சீட்டில் வெற்றிலைக் கூடையோடு இருந்த ஆத்தூர்க்காரரிடம் போனில் படத்தைக் காட்டினேன். "இன்னும் பூச்சு வேலை பாக்கியோ?" என்றார்.

செப்டம்பர் 6

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பிறந்த தேதி எழுதும்போது கை கூசியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுஹைல் காக்காவின் மனைவி ஆபிதா பீவி, சமையல்கட்டைப் பார்க்கச் சித்ராவையும் கூட்டி வரச் சொல்லி இரண்டு தடவை சொல்லிவிட்டிருந்தார். கட்டட வேலை முடியும் வரை அவர் இருப்பது பக்கத்து மனையில், அக்கா வீட்டில். என் மனைவி சித்ரலேகா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கட்டடங்களைப் பார்ப்பதைவிட விடைத்தாள் திருத்துவது மேல் என்று நினைப்பவள். இன்று வந்தாள். நான் முன்வாசல் வழியாக நடந்து சுவரைக் காட்டலாம் என்றால், பெண்கள் அவளை வேறு பக்கமாக அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம்.

வந்தவள் முகத்தில் சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"ஏங்க, உங்களுக்குக் கூறு இருக்கா?"

"என்ன?"

"உங்க சுவருக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு எப்பவாவது பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சந்து. அளவெடுக்கப் போன அன்று, "அங்கிட்டுப் போவாண்டாம்" என்று ஒரு பெரியவர் தடுத்தார். சாக்கடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்கடையாம்! அது முடுக்கு. பெண்கள் நடக்கிற வழி. தெருவுக்கே வராமல் வீடு வீடாகப் போய் வருவதற்கு என்றே விட்ட பாதை. ஆண்கள் கால் வைக்க மாட்டார்கள். மேற்கே இருந்து வரும் முடுக்கு இந்த வீட்டுப் பக்கவாட்டுக் கதவில் முடிந்து, பின்கட்டைக் கடந்து, கிழக்கு முடுக்கோடு சேர்கிறது. சேர்ந்தது. இப்போது மேற்கே இருந்து வருபவர்கள் என் கலையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பழைய வீட்டில் அங்கே ஒரு கதவு இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தாழ் போட்டிருந்தது. நான்தான் வரைபடத்தில் அதைச் சுழித்து 'தேவையில்லை' என்று எழுதினேன்.

செப்டம்பர் 15

ஆபிதா பீவியிடமிருந்து சித்ராவின் போனுக்குக் குரல் பதிவு வந்தது. எனக்குத்தான், ஆனால் அவள் வழியாக.

"தம்பி, கொறை சொல்லுதேன்னு நெனைக்காதிய. வீடு அழகா இருக்கு. வேலை நடக்கையில நாங்க தெருவச் சுத்தித்தான் போனோம், முடிஞ்சா சரியாயிரும்னு இருந்தோம். சுவரு எழும்பவும்தான் தெரிஞ்சுது. வெள்ளத்தப்போ அந்த வாசல் வழியாத்தான் அஞ்சாறு வீட்டுப் பொம்பளையும் புள்ளையளும் எங்க மாடிக்கு வந்து கெடந்தாவ. முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேப்பிய. வாசல் வேணும்னு யாராவது வாயத் தொறந்து சொல்லுவாங்களா, தம்பி?"

துபாய்க்குக் கூப்பிட்டேன், பழியில் பாதியைச் சுஹைல் காக்காவுக்குக் கொடுக்கலாமே என்ற நல்லெண்ணத்தில். வரைபடத்தைப் பார்த்துச் சரி சொன்னவர் அவர்தானே.

"கதவு இருந்தது தெரியும் தம்பி. இருபத்தஞ்சு வருஷமா அந்த வீட்டு மாப்பிள்ள. அது எங்க போகுதுன்னு நான் கேட்டதே இல்ல."

அவர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, இசக்கி கேட்கவில்லை. மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து பொம்பளைகளுக்கு ஒரு வீடு கட்டியிருக்கிறோம்.

செப்டம்பர் 18

வேறு இடத்தில் கதவு வைக்கலாமா? முன்பக்கம் படிக்கட்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. வழியே இல்லை. சுவரின் நட்டநடுவில்தான். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரி.

செப்டம்பர் 20

ஞானோதயம். செங்கல்லையே ஒட்டி, சுவரோடு சுவராக மறைகிற கதவு! யாருக்கும் தெரியாது, அலையும் உடையாது. படம் போட்டு அனுப்பினேன். ஆபிதா பீவியின் குரலில் பதில் உடனே வந்தது.

"கதவு கதவா இருக்கட்டும் தம்பி. கையில கொழந்த, இடுப்புல கொடம், இதுல எந்தக் கல்லுன்னு தடவிக்கிட்டு நிப்பாவ?"

சித்ரா அந்தப் பதிலை மூன்று தடவை போட்டுக் கேட்டாள், சிரிப்பதற்காக.

அக்டோபர் 7

தேர்வாகிவிட்டேன்! இறுதிச் சுற்று! நடுவர்கள் நவம்பர் 12 வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அனுப்பியிருந்த படத்தில் அவர்களுக்குப் பிடித்தது எது என்று எழுதியிருக்கிறார்கள். சுவர்தான். சுவர் மட்டும்தான்.

கதவை அதுவரை தள்ளிப்போடக் கேட்டு ஆபிதா பீவிக்குச் சொல்லிவிட்டேன். 'சிறிய தொழில்நுட்பக் காரணம்' என்றேன். அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் பேராசை.

"சரி தம்பி. இவ்வளவு நாளு பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிடுதோம்" என்றாராம். திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 22

மழை. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வீட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். என்னோடு ஏழெட்டு ஆண்கள்.

மேற்குப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஒரு சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, புர்கா நனைந்து காலைச் சுற்ற, பைய எட்டு வைத்து வந்தார்கள். கிழக்கு வீட்டில் ஆபிதா பீவியின் தங்கை கால் முறிந்து படுத்திருக்கிறார் என்று சித்ரா சொல்லியிருந்தாள். அவருக்குத்தான் சாப்பாடு போகிறது.

கடையில் இருந்த ஆண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள், மரியாதைக்கு. நானும் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீரில் கால் அளையும் சத்தம். ஒருவர் வழுக்கினார் போல. "யா அல்லாஹ்" என்று ஒரு குரல். அது ஆபிதா பீவியின் குரல். எத்தனை தடவை போனில் கேட்டிருக்கிறேன்!

யாரும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. நான் போய்ப் பிடிக்கவும் கூடாது. எனக்குச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. அதை நவம்பர் 12-க்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

சீ. என்ன மனுஷன்யா நான்? விருது வாங்குற ஒரு போட்டோவுக்காகவா? யார் பாக்கப் போறா அந்தப் போட்டோவ — கூடப் படிச்ச நாலு பேரு ஒரு லைக் போடுவான், போயிட்டே இருப்பான். இதுக்காடா ஒரு பொம்பளையத் தண்ணியில நடக்க விட்ட?

அங்கேயே நின்று இசக்கியைக் கூப்பிட்டேன்.

அக்டோபர் 24

உடைத்தாயிற்று. கட்டிங் மெஷின் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. பார்க்க முடியாமல் மணல் குவியலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். இசக்கி வந்து பக்கத்தில் நின்றான். "நம்ம கட்டினதுலயே நல்ல சுவரு சார் இது" என்றான். இத்தனை நாள் கழித்து, அதுவும் ஓட்டை போட்ட பிறகு.

கதவுக்குப் புது மரம் வேண்டாமாம். பழைய கதவு அக்கா வீட்டில் கிடக்கிறதாம், தேக்கு. கொண்டுவந்து இறக்கினார்கள். பிஸ்தா பச்சை. என் வாடகை வீட்டின் அதே பச்சை! பூசாத செங்கல் சுவரின் நடுவில் அதை நினைத்துப் பார்த்தேன். விதி என்னைத் துரத்திக்கொண்டு காயல்பட்டினம் வரை வந்திருக்கிறது.

நவம்பர் 9

சுவரை விட்டாச்சு, பச்சையையாவது விடாமல் பிடிப்போம் என்று, மூன்று நாளாக நானே உட்கார்ந்து கதவின் பச்சையைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் அடித்தேன். விரலெல்லாம் கொப்புளம். நடுவர்கள் கதவை மன்னித்தாலும் மன்னிக்கலாம்.

நவம்பர் 12

வந்தார்கள், இரண்டு பேர். சுவரை நெடுநேரம் பார்த்தார்கள். ஒருவர் கதவைத் திறந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் போனார். "சார், அங்கிட்டுப் போவாண்டாம்" என்றேன். என் வாயில் அந்தப் பெரியவரே வந்து பேசியது போலிருந்தது. ஏன் என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்தார், புரிந்ததா, தெரியவில்லை.

டிசம்பர் 2

விருது கேரளத்து விடுதி ஒன்றுக்கு. எனக்கு ஒரு பத்திக் கடிதம். 'சுவரின் தடையற்ற ஒழுங்கை நடுவே வரும் சாதாரணக் கதவு குலைக்கிறது.'

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்டில் கேட்டிருந்தால் நானும் இதையேதான் எழுதியிருப்பேன். இருந்தாலும் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. "சாதாரணக் கதவாம்ல? மூணு நாளு வார்னிஷ் அடிச்சதெல்லாம் எந்தக் கணக்குல?" என்றாள் சித்ரா. சிரித்துவிட்டேன்.

2026 ஜனவரி 11, ஞாயிறு

வயது நாற்பது. இன்று அர்ஷியாவின் நிக்காஹ்.

மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஊர் வழக்கப்படி களறி விருந்துச் சாப்பாடு. ஆண்களுக்கு முன்பக்கப் பந்தலில். நானும் சுஹைல் காக்காவும் ஒரே சஹனில், ஒரு பெரிய தட்டில், சேர்ந்து சாப்பிட்டோம். துபாயில் இருந்து வந்த மனுஷன், மகளைக் கொடுக்கும் படபடப்பில் கறியை எல்லாம் என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். அதே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் புது வீடு கட்ட என் நம்பரை வாங்கினார்கள். இரண்டு பேருமே, "அளவெடுக்க வரும்போது டீச்சரையும் கூட்டிட்டு வாங்க, பொம்பளையள் அவுகள்ட்டதான் பேசணுமாம்" என்றார்கள். என் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று யோசிக்க வேண்டிய நேரம்.

பந்தலில் இருந்து என் சுவர் தெரிந்தது, கதவு தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்கத் திரை. அதற்கு அப்பால் பெண்கள் சத்தம், குழந்தைகள் சத்தம், பாத்திரச் சத்தம். நான் செய்ததிலேயே உருப்படியானது அங்கே இருக்கிறது. அதை இனி நான் பார்க்கவும் முடியாது, படம் எடுக்கவும் முடியாது.

ரயிலில் திரும்பும்போது பொறுக்க முடியாமல் சித்ராவிடம் கேட்டேன்.

"கதவு எப்படி இருந்துச்சு? வார்னிஷ் நல்லா எடுத்திருந்துச்சா?"

"கதவா? அது காலையில இருந்து தொறந்தேல்லா கெடந்துச்சு" என்றாள். "அதை யாரு பாத்தா?"