கிணறு இல்லாத பத்திரம்

பெங்களூர், 12.2.1985

செலின் அப்பாவுக்கு, உங்கள் மூட்டுவலி தணிய மாதாவை வேண்டி மதலேனாள் எழுதுவது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

நான் சமைக்கும் வீட்டு சொர்ணலதா, பழனிசெட்டிபட்டிப் பெண், ஆபீசில் கம்ப்யூட்டருக்கு வாக்கியம் படிக்கச் சொல்லித் தருகிறாள். நேற்று சாப்பாடு கொண்டுபோனேன். "ஆத்தா, ஒரு வாக்கியம் சொல்லு" என்றாள். "எருமை தோசை சுட்டது" என்றேன். சரி என்று அச்சடித்தது மிஷின். அவள் தலையில் கை வைத்தாள். "சொல்லு வரிசைய மட்டும் பாக்குது ஆத்தா. எருமையால என்ன முடியும்னும் கூடவே பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாம் சரியா இருக்கு, வெள்ளிக்கிழமை பதிஞ்சிருவோம்" என்று நீங்கள் அனுப்பிய பாகப்பத்திர நகலை வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். நான்கெல்லையும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நம் பங்கு உங்கள் தம்பி வேலிக்கு மேற்கு என்கிறது. நம் கிணறு வேலிக்குக் கிழக்கே அல்லவா கிடக்கிறது! செலினைப் பெற்று நான் படுத்திருந்தபோது வேலியைத் தள்ளிப் போட்டவன் அவன். முப்பது வருஷமாகியும் நான் மறக்கவில்லை.

அவன் அழுதாலும் கையெழுத்துப் போடாதீர்கள். சுண்டைவற்றலோடு பேத்தியின் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள், இங்கே அடுப்படியில் பிடிதுணி இல்லை.

தபாலுக்கு நேரமாகிறது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் தந்தி அடியுங்கள். அன்றைக்கே பஸ் ஏறுவேன்.

மதலேனாள்