பட்டாணி அளவு

சாண்டோஸ் துறைமுகம், பிரேசில்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள பெர்லா,

நலமா? உனக்கு எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கப்பலின் இயந்திர அறையிலிருந்து ஏறி வந்த கையோடு எழுதுகிறேன். காகிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் மன்னித்துவிடு. மியகாவ் பள்ளி நூலகத்தில்தான் இன்னும் இருக்கிறாயா? கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் மகள் மரிஃபே உன்னை வந்து பார்த்தாளாமே. "பாதி நேரம் அம்மா தூங்கிட்டாங்க" என்று வீடு திரும்பியதும் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெல்ஃபினாவைப் பற்றி உனக்குத் தெரியும். எங்கள் பையன் ஜூனில் பள்ளியில் சேர வேண்டும். சட்டப்படி அவன் என் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது, நான் தெல்ஃபினாவைக் கட்டினால்தான் முடியும். நம் நாட்டில் விவாகரத்தும் கிடையாது. நம் கல்யாணமே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு. வக்கீல் ஒரே ஒரு வாசலைக் காட்டுகிறார். கல்யாணத்தன்றே, மனைவியாகவும் தாயாகவும் இருக்க மனத்தளவில் இயலாதவளாக நீ இருந்தாய் என்று மனுப் போட வேண்டும். கேட்கவே கொடுமையாகத்தான் இருக்கிறது. "எல்லாரும் இதத்தான் சார் எழுதுறாங்க" என்கிறார் அவர்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. தூக்கவில்லை. என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. எந்நேரமும் தூங்கினாய். இல்லாததையா சொல்கிறோம்? நீ மறுக்காமல், ஒரே ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ரொமுலோ


மியகாவ், இலோய்லோ
9 மே 1998

அன்புள்ள ரொமுலோ,

உன் கடிதம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. படித்தேன், மடித்து வைத்தேன். பதில் எழுதத் தெம்பில்லை. எனக்கு எதற்குத்தான் தெம்பு இருந்தது?

பெரிய வெள்ளி ஊர்வலத்தில் மயங்கி விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "அதே புகாட்தான், அன்னிக்குப் பச்சை உடம்போட தலை குளிச்சாளே!" மரிஃபேக்குப் பதினேழு வயது. பிள்ளை பெற்றவளைப் பிடிக்கும் அந்தப் புகாட்டுக்கு இன்னும் ஓய்வு பெறும் எண்ணமே இல்லை போலிருக்கிறது.

நினைவிருக்கிறதா? பிரசவமான ஒன்பதாம் நாள், முடியில் காய்ந்திருந்த ரத்தத்தின் நாற்றம் தாங்காமல் நான் தலை குளித்தேன். உன் அம்மா வாசலில் நின்று கத்தினார்: "தலையை நனைச்சா பால் நின்னுடும்னு சொன்னேனே, கேட்டியாடி?" அப்புறம் எனக்கு என்ன வந்தாலும் அந்தக் குளியல்தான் காரணம். புகை போட்டார்கள். முருங்கைக்கீரையும் சிப்பியும் போட்டுச் சாறு வைத்துச் சட்டி சட்டியாகக் குடிக்க வைத்தார்கள். ஆனால் பால் இரண்டாம் நாளே வரவில்லை, மூன்றாம் நாளும் வரவில்லை. வராத பாலை ஒன்பதாம் நாள் குளியல் எப்படி நிறுத்தும்? யாரும் கேட்கவில்லை. பட்டம் வாங்கிய நானும் கேட்கவில்லை. நானே அதை நம்பினேன்.

மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண், டாக்டர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"குழந்தை இருக்காக்கா?"

"ஒண்ணு."

"பிறந்தப்ப ரத்தம் நெறையப் போச்சா?"

"பாய் பாயா மாத்தினாங்க."

"பால் வந்துதா?"

"இல்ல."

"அப்புறம் மாசாமாசம்?"

"அதோட நின்னுடுச்சு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ரத்தமும் படமும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மூளைக்கு அடியில், கண்ணுக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பின் மற்றச் சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் கட்டளை போடுமாம். பால், மாதவிலக்கு, உடம்புச் சூடு, படுக்கையை விட்டு எழும் தெம்பு, ஆசை எல்லாம் அதன் கையில். அன்று போன ரத்தத்தில், தனக்கு வேண்டிய ரத்தம் கிடைக்காமல் அது செத்துவிட்டது. "இத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடிச்சீங்கன்னே புரியலக்கா" என்றாள்.

இப்போது ஆயுளுக்கும் மாத்திரை. போன வாரம் எனக்கு வியர்த்தது, ரொமுலோ. முந்தாநாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கோபம் வந்தது. கோபப்படவும் அந்தப் பட்டாணியின் தயவு வேண்டும் போலிருக்கிறது.

நீ கேட்ட 'ஆமாம்' என்னிடம் இல்லை.

பெர்லா


ரோட்டர்டாம்
27 ஜூன் 1998

பலங்கா,

அப்படிச் செல்லமாக உன்னைக் கூப்பிடும் உரிமை இப்போது எனக்கு இல்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது, அடிக்க மனம் வரவில்லை.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். மார்ச் மாத வெயிலில் நீ கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பாய். எனக்கு எதிராகக் கட்டிய வேலி அது என்று நினைத்தேன். உனக்குக் குளிர்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

வக்கீலுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணத்துக்கப்புறம் வந்த நோய் சட்டத்துல காரணமே ஆகாது சார். உண்மையச் சொன்னா நீங்க ரெண்டு பேரும் சாகுறவரைக்கும் புருஷன் பெண்டாட்டிதான்" என்றார்.

பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான், அவன் அம்மாவின் குடும்பப் பெயரோடு. "உங்கப்பன் கப்பலா, பேரக் காணோம்?" என்று பசங்கள் கேட்கிறார்களாம். கப்பலுக்குப் பெயர் இருக்கும் என்றுகூட அவனுக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை.

இதற்குப் பிறகும் உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ரொமுலோ


மியகாவ்
15 ஆகஸ்ட் 1998

அன்புள்ள ரொமுலோ,

யோசித்தேன். இப்போதெல்லாம் ஒரு விஷயத்தைக் கடைசிவரை யோசிக்க முடிகிறது, நடுவில் தூங்கிவிடுவதில்லை.

அந்தப் பையன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நீதிமன்றம் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளட்டும். நான் 'ஆமாம்' சொல்கிறேன்.

மரிஃபே மட்டும் அதை நம்பக் கூடாது. அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னைப் பிடிக்காமதான் பால் குடுக்கலையாம்மா? பாட்டி சொன்னாங்க" என்றாள். "போய் விளையாடு" என்றேன். பதில் சொல்லத் தெம்பும் இல்லை, பதிலும் இல்லை. போனாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

இப்போது பதில் இருக்கிறது. ஆனால் நான் சொன்னால் அது சாக்கு. நீ சொன்னால் நம்புவாள். வழக்கில் என் முறை வருவதற்குள் நீயே, உன் வாயால் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் நான் கேட்பது.

பெர்லா


இலோய்லோ நகரம்
3 அக்டோபர் 1998

அன்புள்ள பெர்லா,

விடுமுறை முடிந்தது, நாளை கப்பலுக்குக் கிளம்புகிறேன். நீதிமன்றத்தில் என் வாக்குமூலம் முடிந்துவிட்டது. உன்னை நவம்பரில் கூப்பிடுவார்கள்.

மரிஃபேயிடம் சொல்லிவிட்டேன். சந்தைக்குள் இருக்கும் பட்சோய்க் கடைக்குக் கூட்டிப் போய், நூடுல்ஸ் வந்ததும் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது இரண்டு கிண்ணமும் ஆறிப்போயிருந்தன. அவள் அழவில்லை. "அம்மாவுக்கு இது எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். "இந்த வருஷந்தான்" என்றேன். "அப்போ இத்தனை நாளா அவங்களும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிட்டு இருந்தாங்களா?" என்றாள்.

உன் தெருமுனை வரை வந்தேன். நூலகத்திலிருந்து நீ நடந்து வந்துகொண்டிருந்தாய். வேகமாக நடந்தாய். அப்படியே திரும்பிவிட்டேன்.

ரொமுலோ


மியகாவ்
28 நவம்பர் 1998

அன்புள்ள ரொமுலோ,

வக்கீலின் தந்தி உனக்கு முன்னாலேயே வந்திருக்கும். ஆனாலும் நடந்ததை என் கையால் எழுத வேண்டும்.

நான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். உன் வக்கீல் ஒவ்வொன்றாகப் படித்தார். பால் கொடுக்கவில்லை, தூக்கவில்லை, கணவனைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' என்றேன். வழக்கில் கள்ளத்தனம் உண்டா என்று பார்க்க வந்திருந்த அரசு வக்கீல், "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். 'இல்லை' என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

மரிஃபே உன் தங்கையோடு பின்வரிசையில் இருந்தாள். வருவாள் என்று எனக்குத் தெரியாது. அரசு வக்கீலின் கண் அவள் மேல் விழுந்தது.

"நீதான் மகளா? அம்மா உன்னைத் தூக்கினதே இல்லையாமே?"

அவள் எழுந்து நின்றாள். உன் தங்கை பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை.

"தூக்கல இல்ல சார், தூக்க முடியல. ரெண்டும் ஒண்ணில்ல."

"யாரு சொன்னா உனக்கு?"

"எங்கப்பா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவளை முன்னால் வந்து சொல்லச் சொன்னார். நீ அவளுக்குச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ரத்தம், பட்டாணி, மாத்திரை எல்லாம். மருத்துவ அறிக்கையைக் கொண்டுவர உத்தரவாயிற்று. படியிறங்கும்போது உன் வக்கீல், "முடிஞ்சுது மேடம். உங்க பொண்ணைச் சட்டம் படிக்க வைங்க, எங்க பொழப்பு போயிடும்" என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட விரிக்காமல் மழையில் போனார்.

தெல்ஃபினா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பையன் மடியில். விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையன் தண்ணீர் கேட்டு அழுதான். மாத்திரை போட வைத்திருந்த என் புட்டியைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பித் தந்தான். அவனுக்கு உன் காது அப்படியே.

ஊருக்குத் திரும்பும் ஜீப்னி வண்டியில் மரிஃபே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பவும் இப்படித்தான் சில்லுனு இருக்குமாம்மா?"

"முன்னெல்லாம் இதவிட மோசம்."

உன் அம்மாவின் ஊரான கிம்பால் வந்ததும் கையை விட்டுவிட்டு இறங்கினாள். பாட்டி சாப்பிடாமல் காத்திருப்பாராம். அவளை வளர்த்தவர் அவர்தானே.

நீ அவளிடம் சொல்லாமல் இருந்திருந்தால் உனக்கு விடுதலை கிடைத்திருக்கும். சொன்னாய். அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, மன்னிப்புக் கேட்கவும் வேண்டும் போலிருக்கிறது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை. உன்னிடமா, அந்தப் பையனிடமா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். இயந்திர அறையில் சூடு அதிகம், தண்ணீர் நிறையக் குடி.

சட்டப்படி இன்னமும் உன் மனைவி,
பெர்லா