கன்னியாகுமரியில் ஒரு ரூம்

தேரூர்,
டிசம்பர் 9

அன்பு மகள் சிவப்ரியாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஜிஷாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால் எழுதி, பக்கத்து வீட்டு சபிதாவிடம் கொடுக்கிறேன். அவள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

நீ கேட்டபடி நேற்று ரூம் பார்க்கக் கன்னியாகுமரி போனேன். பஸ்ஸில் ஐயப்ப சாமிமார் கூட்டம். கடைசிவரை நின்றுகொண்டேதான் போனேன். கடற்கரைப் பக்கம் முதலில் ஏறிய லாட்ஜில், கிறிஸ்துமஸ் வாரம் ஒரு ரூமும் இல்லை என்றார்கள். அடுத்ததில் இருந்தது, ஆனால் நீ நெட்டில் பார்த்த வாடகை இரண்டு மடங்காகியிருந்தது. சீசன் அப்படித்தானாம். மூன்றாவது நமக்குக் கட்டுபடியாகும். குளிமுறியைப் பார்த்தேன், ஒரே அழுக்கு; குழந்தையைக் குளிக்க அதில் நிறுத்த மனம் வரவில்லை. முட்டுவலியோடு எத்தனை படி ஏறினேனோ.

நாலாவது இடம் எல்லாம் பிடித்திருந்தது. ஆதாரைக் கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "லோக்கல் ஆளுகளுக்கு ரூம் குடுக்கது இல்லம்மா. தேரூர்ல வீட்ட வச்சுக்கிட்டு இங்க எதுக்காக்கும் ரூமு?" என்றார். அவர் தப்பாகக் கேட்கவில்லை, மக்கா. ஆதாரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே ஒரு கடை நிழலில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பமே இரண்டு அறையில் நெருங்கிக் கிடக்கிறது. இங்கே மாடியில் உன் அறை பூட்டிக் கிடக்கிறது. உன் கல்யாணம் முடிந்த இந்த ஆறு வருஷமாக அப்பாவிடம் கேட்டுக் களைத்துவிட்டேன். "அவ வரட்டும், அவன் வரப்பிடாது." எப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார். மாப்பிள்ளை ஜஸ்டஸை விட்டுவிட்டு நீ வரமாட்டாய். அப்படி வரவும் வேண்டாம்.

கடைசியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன லாட்ஜ். வேளாங்கண்ணி என்று ஒரு பெண் நடத்துகிறாள். கடல் தெரியாது, ஆனால் சுத்தம். தண்ணீர் நன்றாக வருகிறது. ஆதாரில் ஊரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "மகளுக்கா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். சீசன் என்று வாடகையைக் கூட்டவுமில்லை. இருபத்து நாலாம் தேதியிலிருந்து மூன்று நாளைக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிடாமல் இருந்தார். சுசீந்திரம் கோயிலுக்கு என்றுதான் அவரிடம் சொல்லிப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமலே, "ரூம் கெடச்சுதா?" என்றார். யார் சொல்லித் தெரிந்ததோ. கிடைத்தது என்றேன். "அங்க கொசு உண்டும். பிள்ளைக்கு ஆகாது. வலை எடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். அதை வைத்து நீ எதையும் எதிர்பார்த்துவிடாதே.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எத்தனை பேர் என்று வேளாங்கண்ணி கேட்டபோது, நாலு என்று எழுதச் சொன்னேன். எனக்குத் தரையில் ஒரு பாய் போதும். மாப்பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால் வராந்தாவில் படுத்துக்கொள்வேன். ஜிஷாவை சபிதாவின் போனில்தானே பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, மக்கா.

மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர அம்மன் துணையிருப்பாள்.

உன் அம்மா,
பகவதியம்மாள்