முதல் பாலத்தில் பதினொரு தரம்

ஒக்டோபர் 17, வெள்ளி

பழைய துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றைப் புதிதாக்கி அடுத்த மாதம் விடுகிறார்கள்; அந்த ரீமேக்கின் டெமோவை இன்று விளையாடினேன். சின்ன வயதில் மானிப்பாய் வீட்டில் நானும் அக்காவும் சிடி கீறல் விழும்வரை விளையாடிய கேம். முதல் பாலத்திலேயே பதினொரு தரம் செத்தேன். மழை அழகாகப் பெய்கிறது. வீரனின் முகத்தில் வியர்வைகூடத் தெரிகிறது. சுட்டால் மட்டும் எதிரி ஒருவனும் விழுவதில்லை. 'நல்ல கேமைக் கெடுத்துவிட்டார்கள், குறி வைக்கும் முறையே பிழை' என்று கேம் குழுவில் நீளமாக எழுதினேன். பலர் லைக்கும் போட்டார்கள்.

பின்னேரம் கரவெட்டியில் இருக்கும் அக்காவுக்குக் கோல் எடுத்து முறையிட்டேன். அவள் சிரித்தாள்.

"டேய், நீ எப்பயடா சுட்டனீ? ஒரே கீபோட்டிலை நீ ஓட, நான்தானே சுட்டனான்."

உண்மைதான். இத்தனை வருடமாக, அந்தக் கேமை முடித்தவன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இப்போது கீபோட் இல்லை, கொன்ட்ரோலர்; ஓட இடப்பக்கம், சுட வலப்பக்கம், ஒருவர்தான் இரு கையாலும் பிடிக்கலாம் என்றேன்.

"அதுக்கென்ன? ஞாயிற்றுக்கிழமை வாறன். இடப்பக்கத்தை நீ பிடி, வலப்பக்கத்தை நான் பிடிக்கிறன்."

குழுவில் எழுதியதை அழிக்க வேண்டும். ஆனால் ஞாயிறு கழியட்டும். அக்கா சுட்டும் ஒருவனும் விழாவிட்டால், நான் எழுதியது சரி.