கொட்டே என்றால் கொடுத்தேன்

உத்தனப்பள்ளி
18-2-1956

சிரஞ்சீவி தம்பி ராஜப்பனுக்கு அக்கா சரோஜம்மாள் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. அவரைக்காய் இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது, உரித்து உரித்து விரல் நகமெல்லாம் பச்சை. பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று எழுதினாய். பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து ஒரு மாதம் ஆகிறது.

நீ மந்திரியானதிலிருந்து உன்னைப் பேப்பரில்தான் பார்க்கக் கிடைக்கிறது. நேற்றும் பார்த்தேன். சட்டசபையில் ஒரு மெம்பர் நம் ஊர் கெம்பம்மா கேஸைப் பற்றிக் கேட்டாராம். அவளுடைய வாக்குமூலத்தைக் கன்னடத்திலிருந்து தப்பாக மொழிபெயர்த்திருக்கிறார்கள், அப்போது சேலத்தில் சர்க்கார் வக்கீலாக இருந்த மந்திரிக்கு அது தெரியுமா என்று. நீ எழுந்து, ‘அப்படி எவரும் என்னிடம் சொல்லவில்லை’ என்றாயாம்.

உன் மாமா இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ராஜப்பா, அந்த ‘எவரும்’ என்பதில் நான் சேர்த்தியா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அக்கா சரோஜம்மாள்


சென்னை
26-2-1956

அன்புள்ள அக்காவுக்கு ராஜப்பன் வணக்கம்.

உன் கோபம் எனக்குப் புதிதா? சின்ன வயதில் ஊத்தங்கரையில் என்னைத் துரத்தித் துரத்தி அடித்தவள்தானே நீ. ஆனால் இது விளையாட்டு விஷயமில்லை அக்கா, கொஞ்சம் பொறுமையாகப் படி.

மாதப்பன் வெட்டுப்பட்டுச் செத்தது 1944-இல். அவன் பெண்சாதி கெம்பம்மா ஓசூர் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தாள். கோர்ட் குமாஸ்தா திம்மப்பன் அவள் சொன்ன கன்னட வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே அர்த்தமும் எழுதிவைத்தார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கேஸ் நடத்தினேன். ஆயுள் தண்டனை கொடுத்தது ஜட்ஜ், நான் இல்லை. திம்மப்பனும் இப்போது உயிரோடு இல்லை.

அவள் மகள் காவேரி கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலையில் கல் சுமக்கிறாள். அங்கே மைசூர்க்கார ஓவர்சியர் ஒருவர் தீர்ப்பு நகலை வாங்கிப் படித்துவிட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ரிடையரான ஜட்ஜ் ஒருவர் ஏப்ரலில் ஓசூர் டிராவலர்ஸ் பங்களாவில் விசாரிக்கப்போகிறார். யாராவது வந்து கேட்டால், வீட்டோடு இருக்கிற பெண்பிள்ளை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு.

மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, ஆள் அனுப்பட்டுமா?

உன் தம்பி,
ராஜப்பன்


உத்தனப்பள்ளி
5-3-1956

சிரஞ்சீவி ராஜப்பனுக்கு ஆசீர்வாதம்.

கண்ணாடி வேண்டாம். இருக்கிற கண்ணிலேயே எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் ஊர்க்கதை எழுதியிருக்கிறாய். மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நான் ஞாபகப்படுத்துகிறேன். சேலத்தில் கேஸ் ஆரம்பிக்க நாலு நாளைக்கு முன்னால் நீ இங்கே வந்தாய். மத்தியானம் கூடத்தில் உனக்கும் உன் மாமாவின் அண்ணன் நாராயணப்பனுக்கும் எதிரும் புதிருமாக இலை போட்டேன். நீ கேஸ் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாய். ‘மச்சு நானே கொட்டே’ என்று வாய்விட்டுப் படித்து, ‘அரிவாளால் நானே அடித்தேன்னு ஒத்துக்கிட்டாளே பாவி’ என்றாய்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நான் சொன்னேன்: “அடிச்சேன்னு எங்கடா சொன்னா? கன்னடத்துல கொட்டேன்னா குடுத்தேன். அருவாளை நானே குடுத்தேங்கிறா. தெலுங்குலதான் கொட்டுன்னா அடி. திம்மப்பன் தெலுங்குக்காரன், அவன் காதுல அப்படி விழுந்திருக்கு.”

நீ தலையை நிமிர்த்தினாய். “யாருக்குக் குடுத்தாளாம்?” என்று கேட்டாய்.

நான் பதில் சொல்லவில்லை. எதிர் இலையில் மூத்தார் நாராயணப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டிருந்தார். நீ அவரைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாய்.

கேஸில் கெம்பம்மாவின் வக்கீல், கன்னடம் தெரிந்த வேறு ஆளை வைத்துப் படிக்கச் சொல்லி மனுக்கொடுத்தார். தேவையில்லை என்று எழுத்து மூலம் எதிர்த்தது நீதான். அவள் நாராயணப்பன் பேரைச் சொன்னபோது, தப்பிக்கக் கதை கட்டுகிறாள் என்றாய். அந்தக் கேஸில்தான் உனக்குச் சேலம் முழுக்கப் பேர் வந்தது.

விசாரணைக்கு நான் போகிறேன். யாரும் கூப்பிட வேண்டாம், நானாகவே போகிறேன். உனக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போனால் நன்றாயிருக்காது என்று எழுதுகிறேன்.

அக்கா


சென்னை
14-3-1956

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்தது உட்பட. எழுதிவிட்டேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

ஆனால் நீயே சொல், நான் யாருக்காக அப்படிச் செய்தேன்? மாதப்பன் உங்கள் பண்ணை வேலையை விட்டுக் கோலார் சுரங்கத்துக்குப் போகிறேன் என்றான். அந்த ஆத்திரத்தில் உன் மூத்தார் கிளை வெட்ட என்று அவளிடமே அரிவாளை வாங்கி அவள் புருஷனை வெட்டினார். அவர் தூக்குக்குப் போயிருந்தால் உன் குடும்பம் என்ன ஆகியிருக்கும்? நான் கேட்டபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? உன் மௌனத்துக்கு நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். என் பேரும் அதில் வளர்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

மூத்தார் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரை யாரும் பிடித்து உள்ளே போட முடியாது.

போகாதே என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய். போ. கொட்டே என்றால் என்னவென்று தாராளமாகச் சொல். தம்பியிடமும் சொன்னேன் என்று சொல். கூடவே, ‘அவன் காதில் விழுந்ததோ என்னவோ’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். அவ்வளவுதான் அக்கா. தப்பு திம்மப்பனோடு போகும், கெம்பம்மா வெளியே வருவாள், நானும் பிழைத்துக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையால் யாருக்கு நஷ்டம்? அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. உன்னைத் தவிர நான் யாரிடம் கேட்பேன்?

ராஜப்பன்


உத்தனப்பள்ளி
24-3-1956

ராஜப்பனுக்கு ஆசீர்வாதம்.

அடுப்பில் போடச் சொன்னாய். போடவில்லை. பயப்படாதே, யாரிடமும் காட்டவும் மாட்டேன். இந்த விஷயத்தில் நீ உண்மையை எழுதிய காகிதம் அது ஒன்றுதான், எரிக்க மனசு வரவில்லை.

நீ கேட்டது நியாயம். அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பயம்தான். வீடு மூத்தார் கையில், மூன்று பிள்ளைகள் சின்னது சின்னதாக. கெம்பம்மா என் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், என் இரண்டாவது பிரசவத்துக்குத் துணி அலசிப் போட்டவள். அவளைப் பிடித்துக்கொண்டு போயிருந்தபோது நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். இதையும் அங்கே போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

நீ கேட்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், யாரோ ஒரு குமாஸ்தா காது கோளாறால் அவள் ஜெயிலுக்குப் போனாள் என்று ஆகிவிடும். தெரிந்த மூன்று பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து அவளை அனுப்பினோம் ராஜப்பா. அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

உன் மாமாவிடம் இன்றைக்குக் காலையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பகல் பூராவும் தோட்டத்திலேயே இருந்தார். சாயங்காலம் வந்து, “எங்கண்ணன் பேரைச் சொல்லாம சொல்ல முடியாதா?” என்றார். “முடியாதுங்க” என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, என்னிக்குன்னு சொல்லு, வண்டி கட்டறேன்” என்றார். இந்த மனுஷனுக்கு இத்தனை வருஷம் பயந்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அக்கா


உத்தனப்பள்ளி
22-4-1956

ராஜப்பனுக்கு ஆசீர்வாதம்.

பேப்பர்க்காரன் கண்டபடி எழுதுவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பங்களாவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஜட்ஜ் ஐயா மரியாதையாகத்தான் கேட்டார். காவேரி சிமெண்டுத் தூசியோடு கதவோரம் நின்றிருந்தாள்.

உன் வக்கீல் கெட்டிக்காரர். “பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின சாப்பாடும்மா, என்ன குழம்புன்னாவது ஞாபகம் இருக்கா?” என்று சிரித்தார். “மொச்சைக் குழம்புங்க. எந்தம்பிக்குப் பிடிக்கும்னு வெச்சேன்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவர் நீ எழுதியதையே கேட்டார்: “நீங்க சொன்னது மந்திரி காதுல விழாம இருந்திருக்கலாம் இல்லையா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த நிமிஷம் உன் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது, பொய் சொல்லமாட்டேன். நாக்கு வரைக்கும் வந்தது, விழாமலும் இருந்திருக்கலாம் என்று.

“விழுந்துச்சுங்க. யாருக்குக் குடுத்தான்னு எங்கிட்டத் திருப்பிக் கேட்டான். காதுல விழாதவன் எப்படிங்க அதைக் கேப்பான்? நாந்தான் பதில் சொல்லலை. அதையும் எழுதிக்கங்க” என்றேன்.

உன் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வரும் வழியெல்லாம் அழுதேன். உன் மாமா திரும்பிப் பார்க்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். உனக்கு என்ன ஆகப்போகிறதோ என்று கவலையாக இருக்கிறது. ஆனாலும் நாளைக்கே மறுபடி கூப்பிட்டால் மறுபடி இதையேதான் சொல்வேன்.

அக்கா


சென்னை
7-5-1956

ஸ்ரீமதி சரோஜம்மாள் அவர்களுக்கு,

ராஜினாமா கொடுத்துவிட்டேன். உடல்நிலை காரணம் என்று எழுதியிருக்கிறேன். இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ராஜப்பன்


உத்தனப்பள்ளி
12-8-1956

சிரஞ்சீவி தம்பி ராஜப்பனுக்கு அக்கா ஆசீர்வாதம்.

எழுத வேண்டாம் என்றாய். மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன், அதுவே என் சக்திக்கு மேல். உன் புது வீட்டு விலாசத்தை உன் வீட்டுக்காரிதான் அனுப்பினாள், அவளைத் திட்டாதே. உடல்நிலை என்று பேப்பரில் பார்த்தபோது, தெரிந்திருந்தும், காய்ச்சலோ என்னவோ என்று ஒரு நிமிஷம் பதறிப்போனேன்.

கெம்பம்மாவை விட்டுவிட்டார்கள். மிச்சத் தண்டனை தள்ளுபடியாம். தள்ளுபடி செய்தார்களே தவிர, தீர்ப்பில் இன்னும் புருஷனைக் கொன்றவள் அவள்தான். அதை ஹைகோர்ட்டில் மாற்ற வேண்டுமானால், மொழிபெயர்ப்பு தப்பென்று தெரிந்தே நடத்தினேன் என்று கேஸ் நடத்தின வக்கீலே பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பலம் என்கிறார்கள். என் பங்குக்கு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காவேரியைக் கூட்டிக்கொண்டு கெம்பம்மா நம் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயசுதான், தலை பூராவும் நரைத்துவிட்டது. மோர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“வக்கீல் ஐயாவுக்கு?”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் என்ன சொன்னேன்னு எழுதியிருக்குங்கறது எனக்கு மட்டுந்தான் தெரியலை” என்றாள்.

அழாமல்தான் சொன்னாள். இத்தனை மாதமாக உன்னைத் திட்டித் திட்டியே நான் என் பாரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன் ராஜப்பா. அவள் முன்னால் நின்றபோது எனக்குத் திட்ட ஆளே கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால், உன்னைப் பார்க்க மெட்ராஸுக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு, வருகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை கிளம்புகிறோம். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி வெள்ளிக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வந்துவிடுவோம். கதவைத் திறக்காவிட்டால் திறக்கிறவரைக்கும் வாசலில் உட்கார்ந்திருப்போம், உன் அக்காவை உனக்குத் தெரியும். பிரமாணத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால், தெரிந்தேதான் செய்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை நீ சொல்ல வேண்டும். சேலம் கோர்ட்டில் நீ மூன்று நாள் பேசினாயாம், எல்லாம் இங்கிலீஷ், ஒரு வார்த்தை அவளுக்குப் புரியவில்லையாம்.

கன்னடம் வராதே என்று யோசிக்காதே. வேலூர் ஜெயிலில் பன்னிரண்டு வருஷத்தில் அவள் தமிழ் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நீ தமிழிலேயே சொல்லலாம்.

உன் அக்கா,
சரோஜம்மாள்